கூச்சமும் ஜிவ்வும்

தமிழில் பல் கூசும். வெயிலில் கண்ணும், புதியவர் முன் மனமும் கூசுவது போலவே. தெலுங்கிலோ பல் 'ஜிவ்வு' என்னும். இரண்டில் தெலுங்கின் ஒலிக்குறிப்பே உடலியலுக்கு நெருக்கமானது. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ டென்டின் வெளிப்படும்போது, அதன் நுண்குழல்கள் திறந்துகொள்கின்றன. குளிர்நீர் பட்டதும் குழல்களுக்குள் உள்ள திரவம் சட்டென நகர, அந்த நகர்வை நரம்பு வலியாக உணர்கிறது. சுவீடன் நாட்டு பிரென்ஸ்ட்ரோம் 1960-களில் ஆய்வுகளால் நிலைநாட்டிய விளக்கம் இது. பாய்ந்து மறையும் அவ்வலிக்கு 'ஜிவ்வு' என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

ஐதராபாதில் ஆய்வு செய்யும் நல்கொண்டா மாவட்டத்து மாணவர் ஒருவர் இச்சொல்லோடுதான் பல் மருத்துவரிடம் சென்றார். 0.05 சதவீதச் சோடியம் ஃபுளோரைடு கலந்த மவுத்வாஷ் எழுதித் தரப்பட்டது. அன்றிரவு தொலைபேசியில் அதன் பெயரைச் சொன்னதும் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த விஷத்தையா வாயில் ஊற்றச் சொன்னார்?" என்றார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது படித்தவர்களின் சோம்பல். நல்கொண்டாவில் ஃபுளோரைடு என்பது பற்பசை விளம்பரத்துச் சொல் அன்று. பழுப்பேறிய பற்களின், வளைந்த முதுகுகளின், நிமிர முடியாத முழங்கால்களின் பெயர். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்த அது, ஆழ்துளைக் கிணறுகள் வழியே தலைமுறைகளின் எலும்பில் படிந்தது. சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் 1937-லேயே பதிவானது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் முறைக்கு 'நல்கொண்டா நுட்பம்' என்றே பெயர். ஓர் ஊர் அறிவியலில் இடம்பெற இப்படியும் ஒரு வழி உண்டு.

தாயாரின் அச்சத்தைக் கணக்கிலும் வைத்துப் பார்க்கலாம். இக்கரைசலின் 10 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 2.3 மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு. இந்தியத் தரநிலை குடிநீரில் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதாவது ஒரு மூடி மவுத்வாஷை விழுங்குவது, அந்த உச்ச அளவுள்ள நீரை ஒன்றரை லிட்டர் குடிப்பதற்குச் சமம். ஆனால் இது விழுங்கும் மருந்தன்று. ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பகுதி வெளியேறிவிடும். பல்லின் மேல் தங்கும் சிறுபகுதி உமிழ்நீரின் கால்சியத்தோடு சேர்ந்து குழல் வாய்களில் படியும். குடித்த ஃபுளோரைடு இரத்தத்தின் வழி எலும்பை அடைகிறது. கொப்பளித்தது பல்லின் வெளிப்புறத்தில் நின்றுவிடுகிறது. பற்களில் பழுப்புக் கறை உண்டாவதும் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில்தான். விழுங்கிவிடக்கூடும் என்பதால் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை.

மாணவர் இவ்வளவையும் தெலுங்கில் விளக்க முயன்றார். 'குடிப்பது', 'கொப்பளிப்பது' என்ற இரு வினைகளே போதுமாயிருந்தன; கலைச்சொற்கள் எதுவும் உதவவில்லை.

பல் துலக்கும் நேரத்தை விட்டு வேறொரு நேரத்தில் கொப்பளித்து, அதன்பின் அரைமணி நேரம் எதையும் உண்ணாமல் பருகாமல் இருந்தார். முதல் வாரம் மாற்றமே இல்லை. இது மெல்லப் படியும் மருந்து, அன்றே அடக்கும் வலிநிவாரணி அன்று. பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அது நரம்பின் துடிப்பைத் தணிக்கும். கடினத் தூரிகையால் அழுத்தித் தேய்க்கும் பழக்கமும் கைவிடப்பட்டது. ஈற்றை இறக்கியது அதுதான். ஒரே பல்லில் வலி நெடுநேரம் நின்றிருந்தால் கதை வேறு. சொத்தையையோ விரிசலையோ மவுத்வாஷ் ஆற்றாது.

ஐந்தாம் வாரத்தில் குளிர்ந்த நீர் தயக்கமின்றி இறங்கியது. தாயார் இன்னும் அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. இரவு அழைப்பில் சாப்பாட்டை விசாரித்த பின் ஒன்று மட்டும் கேட்கிறார்: "உம்மேசினவா, பிட்டா?" துப்பிவிட்டாயா, மகனே?