மலையில் பூத்த கிலுகிலுப்பை

புதுச்சேரி நகரின் வடபால், வங்கக் கடலின் ஓரமாய் அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசிமகத்தன்று சுற்றுப்புற ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கென வந்து கூடும் கடற்கரை என்று இதனை அறியாத புதுவையார் இலர். மலைச் செடிகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம் அலையோசையிலிருந்து தொடங்குவது வாசகர்களுக்கு வியப்பாய் இருக்கலாம். ஆயினும் காரணம் உண்டு. கோடை விடுமுறையில் மலையேறித் திரும்பும் நம் குடும்பத்தார், "காட்டில் லூப்பின் பூத்திருந்தது" என்று மகிழ்வுடன் காட்டும் படங்கள் பலவற்றில் நாம் கண்டது லூப்பின் அன்று. கடலோர மணலில் நாம் அறிந்த கிலுகிலுப்பையின் மலைவாழ் உறவினரே.

லூப்பின் நம் நாட்டுக் காட்டுச் செடியன்று. அமெரிக்க மலைகளும் மத்தியதரைக் கடல் நாடுகளும் அதன் தாயகம். உதகை போன்ற குளிர்ந்த ஊர்களில் அழகுக்காகப் பயிரிடுகின்றனர். ஆகவே பூங்காவின் வேலிக்கு வெளியே, புல்வெளிச் சரிவில் நிற்கும் செடியைக் கண்டால் முதலில் ஐயுறுவதே முறை.

இரண்டுமே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலே விரிந்த கொடியிதழ், இருமருங்கும் சிறகிதழ்கள், கீழே குவிந்த படகிதழ் என்னும் அமைப்பு இரண்டிற்கும் பொது. கிலுகிலுப்பையின் படகிதழோ, கட்டுமரத்தின் முன்முனைபோல் கூராக மேல்நோக்கி வளைந்திருக்கும். பூவை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் ஏமாறுவர், இலையைப் பார்க்கவேண்டும். லூப்பினின் இலைக்காம்பு நுனியில், குடைக்கம்பிகளைப் போல, பல சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து வட்டமாக விரியும். நம் கிலுகிலுப்பை இனங்களிலோ பெரும்பாலும் ஒற்றை இலை, அல்லது மூன்று சிற்றிலைகள். கடலோரத்துக் கிலுகிலுப்பை ஒன்றில் இலைநுனி சற்றே உள்வாங்கிக் குழிந்திருக்கும், பூ மஞ்சள். நீலம் கலந்த வெண்பூவுடைய மற்றொன்றும் உண்டு. நிறத்தை நம்பலாகாது என்பதற்கு அதுவே சான்று.

காய் முற்றிவிட்டால் பிறகு வழக்கே இல்லை. லூப்பினின் காய் தட்டையானது, மயிரடர்ந்தது. கிலுகிலுப்பையின் காய் காற்றடைத்த பைபோல் உப்பியது. காய்ந்தபின் அசைத்தால் உள்ளே விதைகள் ஒலிக்கும். குழந்தையின் விளையாட்டுப் பொருளின் பெயரைத் தமிழர் இதற்கு இட்டனர். தாவர நூலார் வழங்கும் குரோட்டலேரியா என்னும் பெயரும் கிரேக்க மொழியின் தாளக்கருவி ஒன்றிலிருந்து வந்ததே. கடல் கடந்த இரு மக்களின் காதுகளும் ஒன்றையே கேட்டிருக்கின்றன! நம் உழவர் பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழும் சணப்பும் இந்த இனமே. லூப்பினுக்கு மேனாட்டார் ஓநாயை நினைந்து பெயரிட்டனர். நிலத்தின் வளத்தை விழுங்கும் செடி என எண்ணினர் போலும். உண்மை நேர்மாறு: அதன் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணிற்குச் சேர்க்கின்றன.

மலைச் செடியை நேரில் ஒப்பிட விரும்புவோர் வைத்திக்குப்பத்திலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தெற்கே நகருக்குள், தூய லூயி வீதியில், 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து திரட்டப்பட்ட செடிகள் தாளில் ஒட்டப்பெற்று உறங்குகின்றன. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய சேசு சபைக் குருவானவர் கே. எம். மேத்யூ (1930–2004) பழனி மலைத் தாவரங்களைக் குறித்து வெளியிட்ட பெருநூல் 1999-இல் வந்தது. ஒரு செடிக்குப் பெயர் சொல்ல மனிதர் எத்தனை மலைகள் ஏறவேண்டியிருக்கிறது!

நீலகிரியிலோ மற்றொரு மயக்கம் காத்திருக்கிறது. மஞ்சள் பூக்களால் சரிவுகளை நிறைக்கும் முட்புதரான கோர்சும், துடைப்பக் குச்சிகளைப் போன்ற கிளைகளையுடைய புரூமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கிலுகிலுப்பையைவிட லூப்பினுக்கு நெருங்கிய சொந்தம் இவையே. கண்ணுக்கு அழகுதான், எனினும் சோலைக் காடுகளைச் சூழ்ந்த புல்வெளிகளைக் கைப்பற்றிக்கொண்ட களைகள் இவை. "எவ்வளவு அழகு!" என்று கூறுமுன் பெயரைக் கேட்பது நன்று.

பெயரறிதல் பொழுதுபோக்கு மட்டுமன்று. 1975-இல், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை இனம் ஒன்றின் விதைகள் கலந்துவிட, அதனை உண்டோர்க்கு ஈரல் நோய் கண்டது. நோயுற்ற 67 பேரில் 28 பேர் மாண்டனர். நஞ்சு வாயில் கசந்து எச்சரிக்கவில்லை; உடலில் மெல்லச் சேர்ந்து ஈரலின் நுண் இரத்தக் குழாய்களை அடைத்தது. லூப்பின் விதையிலும் கசப்பான நச்சுப்பொருள் உண்டு. மத்தியதரைக் கடல் நாட்டார் அதனை வேகவைத்துப் பல நாள் நீர் மாற்றி ஊறவைத்தே உண்பர். வண்ணத்துப்பூச்சிகள் சில மட்டும் வாடிய கிலுகிலுப்பையை நாடி அந்நஞ்சையே உறிஞ்சிச் சேமித்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன.

ஆகவே மலைக்குச் செல்லும் பெற்றோர், குலுங்கும் காயைப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடினாலும் விதையை வாயிலிடாதபடி பார்த்துக்கொள்வாராக. ஒருவேளை தின்றுவிட்டால், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காது மருத்துவரிடம் விரைக. இலையும் காயும் உள்ள ஒரு சிறு கிளையைத் தாளில் சுற்றி உடன் எடுத்துச் செல்க.