விராலை விட்டுவையுங்கள்

எங்கள் பக்கத்து ஏரிகளில் வலையை இழுத்தால் முக்கால்வாசி ஜிலேபிதான். பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் பொடி. குழம்புக்கு ஆய்ந்தால் செதிலும் முள்ளும்தான் மிஞ்சும்.

ஆப்பிரிக்க மீன் அது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1959-இல் இனிப் பரப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். அதற்குள் வாய்க்கால் வழியே ஏரிக்கு ஏரி போய்விட்டது. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகளையும் ஆபத்தென்றால் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். அந்தக் குஞ்சும் மூன்று நான்கு மாதத்தில் முட்டையிடத் தயார். குத்தகைக்காரர் விடும் கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் முட்டையிடாது. ஓடும் வெள்ளம் வேண்டும். ஆண்டுதோறும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. தானே பெருகும் மீனோடு அவை இரைக்கு எப்படி மல்லுக்கட்டும்?

ஜெயித்த ஜிலேபியும் செழிக்கவில்லை. ஏரியின் இரைக்கு ஓர் அளவு உண்டு. கூட்டம் மிஞ்சியதும் வளர்ச்சி நின்று, விரல் நீளத்திலேயே சினை பிடித்து, நெரிசலை இன்னும் கூட்டுகிறது.

இதை அடக்கக்கூடியது விரால். கோடையில் ஏரி வற்றும்போது பெரும்பாலான மீன்கள் மடியும். விரால் ஈரச் சேற்றில் புதைந்து, காற்றைச் சுவாசித்து மழைவரை தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வந்ததும் ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று குறைக்கும். விட்ட கட்லா, ரோகு குஞ்சையும் தின்கிறதே என்பார்கள் குத்தகைக்காரர்கள். உண்மைதான். கொஞ்சம் வளர்ந்த குஞ்சாக வாங்கி விட்டால் அந்த நட்டம் குறையும். அதற்காக மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, சேற்றைத் துழாவிக் கடைசி விரால்வரை பிடிப்பது சரியே இல்லை.

மழைக்காலத்தில் கரையோரம் நின்று பாருங்கள். முறம் அகலத்துக்குத் தண்ணீர் மட்டும் உலை கொதிப்பதுபோல் சலசலக்கும். செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் மேலே வந்து வந்து முங்கும். அடியில் பெற்றவை காவல் நிற்கும். தூண்டில்காரருக்கு அந்தச் சலசலப்பே அடையாளம். நடுவில் தவளையைக் கோத்துப் போட்டால், குஞ்சுக்கு ஆபத்தென்று பாய்ந்து கவ்வும். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

தூண்டில் போடுகிறவர்களே, செங்குஞ்சுகளுக்கு அடியில் நிற்கும் விராலைத் தொடாதீர்கள். குத்தகை எடுப்பவர்களே, ஒரு மடுவையாவது இறைக்காமல் விட்டுவையுங்கள்.