கூப்பனும் புள்ளியும்

கூப்பன் என்னும் சொல்லுக்கு எமது வீட்டில் இரண்டு பொருள் உண்டு. எமது கைத்தொலைபேசியில் வந்து விழும் விலைக்கழிவுச் செய்தி ஒன்று. எண்பது வயதிலும் எமது மூத்தம்மா மறவாதிருக்கும் சங்கக்கடை அரிசி மற்றையது. இரண்டும் ஒன்றெனவே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டில் ஒரு சனிக்கிழமை, வங்கி அட்டைக்குக் கழிவு கிடைக்கும் என்ற செய்தியை நம்பிப் பாலமுனையிலிருந்து பஸ் ஏறி, அயலூரிலுள்ள பெரிய கடையொன்றுக்குச் சென்றோம். 5,000 ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் நூற்றுக்கு 15 கழிவு. எமக்கு வேண்டியவை 3,800 ரூபாவுடன் முடிந்துவிட்டன. குறைந்த 1,200 ரூபாவை பிஸ்கட்டுகளாலும் ஆடைக்கு வாசனையூட்டும் ஏதோவொரு திரவத்தாலும் நிரப்பினோம். '750 ரூபா மிச்சப்படுத்தியுள்ளீர்கள்' என்று பற்றுச்சீட்டு எம்மைப் பாராட்டியது. அதனை மூத்தம்மாவிடம் பெருமையுடன் காட்டினோம்.

"போகக்குள்ள எவ்வளவுக்குச் சாமான் வாங்க நினைச்ச?"

"3,800க்கு."

"குடுத்தது?"

"4,250."

"அப்ப மிச்சம் எங்க மகன்?"

பஸ் கட்டணத்தை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. அது அவரது பெருந்தன்மை.

எழுதப் படிக்க அதிகம் அறியாத அம் முதியவருக்கு இக் கணக்கு எவ்வாறு கைவந்தது? அவரது தலைமுறை கூப்பனோடு வளர்ந்த தலைமுறை. யுத்தகாலமாகிய 1942 இல் இலங்கையில் தொடங்கிய அரிசிப் பங்கீடு பின்னர் மக்களின் உரிமையாகவே வேரூன்றிவிட்டது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பையேற்று ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்னர் விலையும் 55 சதமாகக் குறைந்தது. அவரே மீண்டும் பிரதமராக இருந்த 1966 இல் வாரத்துக்கு இரண்டு கொத்து ஒரு கொத்தாகியது. ஆனால் அந்த ஒரு கொத்து இலவசம்.

கூப்பனில் எழுதப்பட்டிருந்தது கொத்து என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. சந்தையில் விலை எவ்வாறு ஏறினாலும் கொத்து கொத்துத்தான். 1978 இல் பங்கீடு, மாதவருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கென ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதன் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதப்பட்டிருந்தது ரூபா. விலை ஏறியது, முத்திரை ஏறவில்லை. சமுர்த்தி வந்தது, 2023 இல் அஸ்வெசும வந்தது. ரூபாக் கணக்கு மாறவில்லை. எமது கைத்தொலைபேசிக் கூப்பனிலோ ரூபாவுங்கூட இல்லை, நூற்றுவீதம் மட்டுமே. அதிகம் செலவிடுபவனுக்கு அதிகம் கிடைக்கும். செலவிட இயலாதவனுக்கு ஒன்றுமில்லை.

இதனை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. ஒன்பதாந் தர வகுப்பிற் சிக்கனம் பற்றிக் கட்டுரை எழுதுவித்தபோது, மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். தந்தை கரைவலைத் தொழிலாளி. "நாங்க நூறு கிராம் நூறு கிராமாத்தான் வாங்குற சேர். கடக் கொப்பியில அதுக்கு மேல எழுதமாட்டாங்க" என்றான். சிறிய பொதியிற் கிராமுக்கு விலை அதிகம் என்பதை அவன் எம்மினும் நன்கறிந்திருந்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக இருந்தது. அக்காலத்தில் அவன் வீட்டார் நூறு கிராமை ஐம்பதாக்கி வாங்கியிருப்பர். கரும்பலகையை அழித்தோம், வேறென்ன செய்வது?

அதன் பின்னர் எமது வீடு உட்பட ஐந்து வீடுகள் சேர்ந்து பருப்பு, சீனி, மா, எண்ணெய் ஆகியவற்றை மாதமொருமுறை மொத்தமாக வாங்கத் தொடங்கினோம். மாதம் 25,000 ரூபா அளவிற் கொள்வனவு. கையிற் காசில்லாத வீட்டுக்கு எமது சம்பளம் சில நாட் கடன் கொடுத்தது. ஐந்து மாதங்கள் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் அம் மாணவனின் தாயார் படலையடியில் நின்று, சற்றுத் தயங்கிக் கேட்டார்:

"சேர், கடையில உங்கட போன் நம்பரத்தானே சொல்ற? அந்தப் புள்ளியெல்லாம் யாருக்குச் சேருது?"

நாம் வாயடைத்து நின்றோம். நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளி ஒரு ரூபா. 1,250 புள்ளிகள் எமது பெயரிற் குவிந்திருந்தன. திருட்டென்று எவரும் சொல்லவில்லை. முதலாளியைப் பற்றி இத்தனை பேசிய எமக்கு எமது சட்டைப்பையைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை என்பதே வெட்கம்.

அடுத்த வெள்ளியன்று அப் புள்ளிகளைக் கொடுத்து 400 கிராம் பால்மாப் பொதியொன்று வாங்கிவந்தோம். தராசை வைத்து, வீட்டுக்கு 80 கிராமாக ஐந்து பைகளிற் கட்டினோம். கட்டிலில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த மூத்தம்மா கேட்டார்:

"கூப்பன் தலைக்குத்தானே மகன் குடுத்த, வீட்டுக்கா குடுத்த?"

பைகளை மீண்டும் அவிழ்த்தோம். ஐந்து வீடுகளிலும் இருபது பேர். தலைக்கு 20 கிராம். மாணவனின் வீட்டில் ஏழு பேர், 140 கிராம். எமது வீட்டில் மூவர், 60.