திரைக்குள் ஒரு திணை

இராயபுரத்தில் கண்களை மூடிக்கொண்டிருந்தாலும் விடியலை உணரலாம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குத் திரும்பும் விசைப்படகுகளின் உறுமல், பனிக்கட்டி உடைபடும் ஓசை, மீன் ஏலம் விடுவோரின் குரல், கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல், இவற்றோடு உப்புக்காற்று. ஐம்பது ஆண்டுகளாக இவ்வூர் என்னைச் சூழ்ந்திருக்கிறது.

என் மகனைச் சூழ்ந்திருந்ததோ கணினி விளையாட்டின் உலகம். “பொம்மைப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். அதன்பின் அவன் என்னோடு பேசுவதே குறைந்துபோயிற்று.

ஒரு மாலைப்பொழுதில் அவன் அறையிலிருந்து பழைய திரைப்பாடலின் சாயலில் ஓர் இசை எழுந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு தமிழ்ச் சமையலறை! கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டு அது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்னும் பெண், தன் அன்னையின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏட்டின் சில பகுதிகள் சிதைந்துள்ளன. விடுபட்டதை விளையாடுபவரே உய்த்துணர வேண்டும்.

மகன் இட்லித் தட்டுகளைக் குழிக்கு நேர் குழியாக அடுக்கினான்.

“தட்டைத் திருப்பி வைப்பா. ஆவி மேலே போக வழி வேண்டாமா?” என்றேன், என்னையறியாமல்.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“உன் ஆயா சொல்லிக்கொடுத்தது.”

மறைந்த என் தாயைப் பற்றி அன்றிரவு நெடுநேரம் பேசினோம்.

முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்பது தொல்காப்பியர் கருத்து. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்தியிருக்கிறேன், அன்றுதான் உணர்ந்தேன். நிலமும் பொழுதும் எவ்வளவு துல்லியமாகத் தீட்டப்பட்டாலும் அது முதற்பொருள் மட்டுமே. உணவு, பறவை, தொழில், இசை ஆகிய கருப்பொருள்கள் சேரும்போது அந்நிலம் உயிர்பெறுகிறது. அங்கு வாழ்வோரின் ஏக்கம் நம் ஏக்கமாகும்போது நாம் அதனுள் நுழைந்துவிடுகிறோம். காண்பவரின் கைக்கும் ஒரு வேலை தருவது, இக்காலக் கலையான விளையாட்டின் தனிச்சிறப்பு.

இப்போது என் மகன் இராயபுரத்தையே விளையாட்டாக உருவாக்க விரும்புகிறான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட எங்கள் இரயில் நிலையத்தின் தூண்களை வரைந்து காட்டினான். அழகாகவே இருந்தன.

“அடுத்து எதை வரையலாம்பா?” என்று கேட்டான்.

“நாளை விடியலில் என்னோடு காசிமேட்டுக்கு வா. முதலில் ஏலக்குரலைக் கேள், பிறகு வரையலாம்” என்றேன்.