கிரீனில் புகும் போவா புல்

கோல்ஃப் மைதானத்தில் குழி அமைந்த பகுதி கிரீன். குளிர்நாடுகளில் அங்கே பெரும்பாலும் பென்ட் புல் வளர்த்து, சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிப் பராமரிக்கிறார்கள். அந்த உயரத்திலும் கதிர்விட்டு விதை போடும் களை போவா அன்னுவா. வெளிர்பச்சைத் திட்டுகளாகப் பரவி, வசந்தத்தில் வெண்கதிர் தள்ளி, பந்து உருளும் தளத்தைக் குலைக்கும். வேர் ஆழமில்லாததால் கோடையில் முதலில் வாடுவதும் இதுதான்.

பணமில்லாத சிறிய கிளப்புக்கு மருந்துப் புட்டியைவிடத் தண்ணீர்க் குழாயே முக்கியம். எந்நேரமும் ஈரமாக, மிதிபட்டு இறுகிக் கிடக்கும் மண் போவாவுக்குக் கொண்டாட்டம். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுவதும், மண் பரிசோதனை கேட்காத பாஸ்பரஸைத் தவிர்ப்பதும் செலவைக் குறைக்கவே செய்யும். இறுக்கம் போக்கத் துளையிடுவது நல்லது, ஆனால் காலம் பார்க்க வேண்டும். மண் வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இலையுதிர் பருவத்தில்தான் போவா விதை மும்முரமாக முளைக்கிறது. அப்போது மண்ணைத் திறந்து வைப்பது களைக்கு இடம் ஒதுக்குவதாகும்.

திட்டு சிறிதாயிருக்கையில் கத்தியால் அகழ்ந்து, நாற்றங்காலில் வளர்த்த பென்ட் புல் துண்டைப் பதிக்கலாம். கிரீனில் பாதியைப் பிடித்துவிட்டால் அது வீண் உழைப்பு. பக்லோபுட்ரசோல் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகள் பென்ட்டைவிடப் போவாவை அதிகம் அடக்கும். ஆனால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் போவாவையே பராமரிக்கலாம். அமெரிக்க ஓபன் போட்டிகளை நடத்திய பெபிள் பீச், ஓக்மான்ட் மைதானங்களின் கிரீன்களே போவா புல்தான்.