அரண்மனையின் வேலை நாட்கள்

தஞ்சாவூர், சனி இரவு

அரண்மனைக் கலைக்கூடத்தில் கண்ணை நிறுத்துகிற முதல் உருவம் அரண்மனையைச் சேர்ந்ததே அல்ல. திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனர் அவர். 1011ஆம் ஆண்டளவில் வார்த்த செப்புத் திருமேனி. சடையையே தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார். காளை போய்விட்டது, அதன்மேல் ஊன்றிய கை மட்டும் மடங்கியபடி நிற்கிறது. அதற்கு ஈடான அழகு அபூர்வம், சந்தேகமில்லை. ஆனால் நாயக்கர் கட்டி மராட்டியர் ஆண்ட இந்த மாளிகைக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டு மூத்த சோழர் கலை அது. 1951இல் தொடங்கிய, கோயில் திருமேனிகள் நிறைந்த இந்தக் கலைக்கூடத்தில் அரண்மனை வெறும் கூரையாகிவிட்டது. இங்கே யார் என்ன வேலை பார்த்தார்கள், எப்படி ஆட்சி நடந்தது என்று தெரியாமலே வெளியே வந்துவிடலாம். அதுதான் குறை என்கிறேன்.

காட்ட என்ன மிச்சம் என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தோடு அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் வழக்காடினார். அது அரசின் செயல், நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1859இல் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது.

ஞாயிறு காலை

நகை போனாலும் காகிதம் போகவில்லை. அதே வளாகத்தில், 1918இல் பொதுமக்களுக்குத் திறந்த சரஸ்வதி மகால் நூலகத்தில், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் எழுதிய அரண்மனைக் கணக்குகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகளைப் பாருங்கள்: நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, என்ன நோய், என்ன வைத்தியம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தர்பார் மண்டபத்தில் நிற்கும் அந்த ராஜாவின் பளிங்குச் சிலை, ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது, அவர் எப்படி இருந்தார் என்று சொல்லும். என்ன செய்தார் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

காகிதம் யாரை ஈர்க்கும் என்பது அடுத்த மறுப்பு. மூலத்தை வெயில்படும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை. பெரிதாக்கிய நகல், பக்கத்தில் எளிய தமிழ், சிலைக்கு அருகிலேயே ஒரு சுவர், இவ்வளவு போதும். திருமேனிகள் இருக்கட்டும், இந்த வீட்டின் கதைக்கும் இடம் வேண்டும். மோடி வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் இது தள்ளிப்போடக்கூடிய வேலையும் அல்ல.