சுரண்டிய பெயின்ட்டும் சுரண்டாத கதையும்

பழைய ரேஸ் கார்களின் நிறங்களுக்குப் பின்னால் எத்தனையோ கதைகள். அதில் நம்மை அதிகம் மயக்கும் கதை ஜேர்மனியின் 'வெள்ளி அம்பு'.

அந்தக் காலத்தில் பந்தயக் கார்களுக்கு நாட்டுக்கொரு நிறம். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரித்தானியாவுக்குப் பச்சை, ஜேர்மனிக்கு வெள்ளை. 1934 இல் புதிய விதி வந்தது: கிராண்ட் பிரீ கார் 750 கிலோவைத் தாண்டக் கூடாது.

அந்த வருடம் ஜூன் 3, நூர்பர்க்ரிங்கில் ஐஃபெல் பந்தயம். முதல் நாள் மேர்சிடிஸ் காரைத் தராசில் ஏற்றினால் 751 கிலோ! இரவோடிரவாக வெள்ளைப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார்களாம். உள்ளேயிருந்த அலுமினியம் பளபளக்க, மன்ஃப்ரெட் ஃபொன் பிரவுகிட்ஷ் அதில் ஓடி வென்றார். அன்றிலிருந்துதான் ஜேர்மன் கார்கள் வெள்ளி நிறமாயினவாம்.

இதைச் சொன்னவர் அணியின் மனேஜர் அல்ஃப்ரெட் நொய்பாவர். எப்போது? 1958 இல் வெளிவந்த தன் நினைவு நூலில். சம்பவத்துக்கு 24 வருடங்களுக்குப் பிறகு!

ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். அந்தப் பந்தயம் எடைக் கட்டுப்பாடு இல்லாமல் நடந்தது. அப்படியென்றால் ஒரு கிலோவுக்காகச் சுரண்ட என்ன தேவை? 1932 இலேயே பெர்லின் அவுஸ் பாதையில் இதே பிரவுகிட்ஷ், பெயின்ட் பூசாத அலுமினிய உடல் கொண்ட மேர்சிடிஸில் வென்றிருந்தார். 1934 இல் போட்டிக்கு வந்த ஓட்டோ யூனியன் கார்களும் வெள்ளி நிறம்தான். அவர்கள் எந்த இரவில் சுரண்டினார்கள்?

ஆனாலும் கதை நம்மை நம்ப வைக்கிறது. ஏன்? சொன்னவர் நேரில் இருந்தவர். 751 என்று துல்லியமான எண் இருக்கிறது. காரும் நிஜம், வெற்றியும் நிஜம். நிஜங்களுக்கு நடுவில்தான் பொய் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது.

நமது வட்ஸ்அப் குழுக்களில் வருவதும் இதே அச்சில் வார்த்தவைதான். பெயின்ட் கதையால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரு வதந்தி கடையையும் வீட்டையும் எரிக்கும் என்பதை நம் ஊர்கள் பட்டு அறிந்தவை.

ஆசிரியர்களாகிய நாம் இந்தக் கதையை வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம். பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் பாதியில் நிறுத்தாமல், 1958 ஐயும் சேர்த்துச் சொல்வோம். "சேர், இது உண்மையா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் வெற்றி.

பெரியவர்கள் நாமும், ஒன்றைப் பகிர முன் கேட்டுக்கொள்வோம்: யார் சொன்னது? எப்போது சொன்னது?